பச்சைத் தண்ணி

எட்டுத் திசையும் நடுங்க நம் வீட்டை ஆளும் மகாராணிக்கு, உன் கார் ஓட்டுநர் பணிந்து எழுதுவது. நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. முதலாளியின் காருக்கு அடியில் பச்சை நிறத்தில் ஏதோ ஒழுகியது. நம் மொழிக்கார மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, வண்டிக்கடியில பச்சைத் தண்ணி ஒழுகுது.”

“வெறும் பச்சைத் தண்ணிதானே? ஏசித் தண்ணிய்யா அது. பயப்படாம ஓட்டு.”

ஓட்டினேன். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கிளம்பிய ஆவியில் ஊர்த் துணியையெல்லாம் இஸ்திரி போட்டிருக்கலாம்!

மெக்கானிக் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், இஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட்டுய்யா! பச்சைக் கலர்னு சொல்ல மாட்டியா?”

“அதைத்தானேண்ணே சொன்னேன்!”

ரேடியேட்டரின் ரப்பர் குழாயில் கீறல் விழுந்திருந்ததாம். மாற்றியாயிற்று. சூட்டில் இஞ்சினின் மேல்மூடி வளைந்துவிட்டதா என்று நாளை திறந்து பார்ப்பார்கள். வளைந்திருந்தால் ஊருக்குக் கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரியவளின் படிப்பு பாதியில் நிற்குமே என்றுதான் சோறு இறங்கவில்லை. என் தொப்பை குறைந்தால் நாட்டுக்கே நல்லது என்பாய்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு, கார்க் கண்ணாடி துடைக்க. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலை போகக்கூடாது என்று நீ வேண்டிக்கொள். நான் வேண்ட உட்கார்ந்தால் பாதியிலேயே மனசு வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் அந்தப் பொறுப்பு உன்னுடையது. முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் அடிமை