இடப்பக்கம் மேலே

அன்புள்ள என் வீட்டு மேனேஜரம்மாவுக்கு,

நானும் தையல் மெஷினும் நலம். மெஷினுக்கு எண்ணெய் விட நான் இருக்கிறேன், எனக்குத்தான் ஆளில்லை. சாப்பிட்டாயா, குளிருக்குக் காலுறை போட்டாயா என்று போனில் கேட்பதையே இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் தெருமுனைப் பள்ளிக்கூட ஹாலில் ஜப்பான் கலைவிழா நடந்தது. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு ஜப்பான்காரம்மா அந்த மொழி சொல்லித்தருகிறார். அவரும் அவரிடம் படிக்கிறவர்களும் சேர்ந்து நடத்துவது, ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. காகிதம் மடிக்க ஒரு மேசை, தூரிகையால் எழுத ஒரு மேசை, நடுவில் மேளம். வாசலில் வரவேற்கும் பெண்களுக்கு யுகாத்தா தைக்க ஆள் தேடினார்கள். பருத்தி கிமோனோதான், உனக்கா தெரியாது. நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். "பொண்டாட்டி ஜப்பான்ல, புருஷன் ஜப்பான் துணில, பொருத்தம்னா இதுதான்" என்று இஸ்திரிக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நீ இருக்கும் நாட்டு உடையைத் தைத்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் போனது.

மடிப்பு நழுவாமலிருக்க உள்ளே டிச் பட்டன் வைத்தேன். மூளை இருக்கிறதே! பெண்கள் சட்டையில் வலப்பக்கம்தானே மேலே வரும்? இத்தனை வருஷக் கைப்பழக்கம், எல்லாவற்றிலும் அப்படியே வைத்துவிட்டேன். விழாவன்று காலை பெண்கள் உடுத்திக்கொண்டு வந்து நின்றதும் அந்த ஜப்பான் டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆணோ பெண்ணோ, இடப்பக்கம்தான் மேலே வர வேண்டுமாம். "வலது பக்கம் மேல வந்தா செத்தவங்களுக்கு, அண்ணா" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

ஓர் அறைக்குள் போய் இரண்டு பேருமாக உட்கார்ந்து அத்தனை பட்டனையும் பிரித்தோம். நீ வேலை பார்க்கிற மாதிரி முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோய்விட்டால் யார் உடுத்திவிடுவார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "சில இடத்துல அங்க வேலை பார்க்கிற பொண்ணுங்களே உடுத்திவிடுவாங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நூல் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் போனில், "இன்னைக்கு வேலை ஜாஸ்தி, நீங்க பேசுங்க, நான் கேட்டுட்டிருக்கேன்" என்றாயே. நானும் கரண்ட் பில், எதிர்வீட்டு நாய் என்று அளந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு யாருக்காவது வலப்பக்கத்தை மேலே வைத்து மடித்துவிட்டு வந்தாயா? அந்தக் கையோடுதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாயா? ஏன் சொல்லவில்லை?

விழா நன்றாகவே முடிந்தது. நாற்காலிகளை அடுக்கியதும் அவரவர் வீட்டு ஆட்கள் வந்து அழைத்துப்போனார்கள். டீச்சரம்மாவை அழைத்துப்போக அவர் கணவரும் ஸ்கூட்டரில் வந்தார். நான் ஹாலைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். வீட்டில் காலையில் குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, எழுதினால் என்ன.

மீந்த துணியில் உனக்கும் ஒன்று தைத்திருக்கிறேன். உன் அளவுக்கு நான் என்றைக்கு நாடா எடுத்தேன்? ஆனால் வீடியோவில் இளைத்துத் தெரிகிறாய். தோளில் கொஞ்சம் பிடித்திருக்கிறேன், சரியா என்று தெரியவில்லை. கட்டிய பெண்டாட்டியின் தோள் அளவு தெரியாத டெய்லர் நான்.

ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். பெரிய மனுஷன் மாதிரி "உன் இஷ்டம்" என்றேன். அது வாய் சொன்னது. என் இஷ்டத்தைக் கேட்டால், போடாதே. வீடு கட்டுவது மெதுவாக ஆகட்டும், ஒட்டுக்குடித்தனம் நமக்குப் புதிதில்லை. வந்துவிடு.

உன் யுகாத்தா கடையில் தொங்குகிறது. அதற்கு மட்டும் பட்டன் வைக்கவில்லை. நீ வந்து எதிரில் நின்றால் வைத்துவிடுவேன், இடப்பக்கம் மேலே.

வழி பார்த்திருக்கும்,
உன் டெய்லர்