ஒற்றைக்கண் முரம்பன் இறந்தானா என்பது குறித்துப் புனல்வாய் அரசியாருக்கு

வற்றாத ஆறுடைய புனல்வாய் நாட்டை அறம் வழுவாது காத்தருளும் வெண்கோதைத் தேவியார் திருமுன்பு, நெடுங்கானல் வேந்தர் பரிமேலரசரின் தலைமை அமைச்சன் இளங்கீரன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் யானைகள் நோயற்று வாழ்க. தங்கள் நாட்டுக் கூத்தரால் எங்கள் நாட்டில் உடைந்த மண்டைகளும் விரைந்து ஆறுக.

தங்கள் குடிமகனார், தோற்பாவைக் கூத்தர் மழவனாரைச் சிறை வைத்தது ஏன் என்று தேவியார் சினந்து விடுத்த ஓலை கண்டோம். சினம் தகும். நடந்ததைச் சொல்லப் புகுந்தால் எனக்கே தலை சுற்றுகிறது, ஆயினும் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் நல்லெயினி அம்மையார் எழுதும் ஒற்றைக்கண் முரம்பன் கதை, எழுத எழுத அரண்மனை முற்றத்தில் படிக்கப்பட்டு வந்தது. முரம்பன் குள்ளன், பாடத் தெரியாதவன், ஏறிச் செல்வது ஒரு கிழட்டுக் கழுதை. ஆயினும் எம்மக்கள் வேந்தரைக்கூட அவனளவு நேசித்ததில்லை. வேந்தரும் இதை அறிந்து பொறுத்துக்கொண்டார். கதைநாயகன் மாண்டாலும், போரில் பட்ட வீரனுக்குப் போல நடுகல் நடுவது எங்கள் வழக்கம். சென்ற கார்காலத்தில் படித்த இறுதி ஏட்டில், ஆற்றைக் கடக்கையில் அம்பு பட்டு முரம்பன் மாண்டான். வேந்தரே கல் நட்டார். நானும் அழுதேன், மறைப்பானேன்?

அதன்பின் மழவனார் வந்து சதுக்கத்தில் வெண்திரை கட்டினார். திரையில் வந்த முரம்பனோ நெடியவன், கண் இரண்டு, ஏறி வந்ததோ வெள்ளைக் குதிரை. ஏட்டில் இல்லாத காதலி ஒருத்தி, அவளோடு பாட்டு வேறு. இவன் யார் என்று அருகிருந்த படைத்தலைவரை வினவினேன். அவர் குதிரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதுவும் போகட்டும் என்றிருந்தால், ஆற்றில் விழுந்தவன் அம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நடந்தான்! உயிரோடிருப்பவனுக்குக் கல் எதற்கு என்று பாதி ஊர் நடுகல்லைப் பெயர்க்க ஓடியது. ஏடு கேட்ட மீதி ஊர் கல்லைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றது.

வேந்தர் நட்ட கல்லைப் பொய்யாக்கியவன் விரல்களை இழப்பான் என்பது எங்கள் பழஞ்சட்டம்; மழவனாரைச் சிறை வைத்ததும் அதனாலேயே. விரல் போனபின் பாவைக் கூத்தருக்கு எஞ்சுவது யாது? முரம்பன் இறந்தான் எனில் மழவனார் குற்றவாளி. இல்லை எனில் வேந்தர் நட்ட கல் பொய். தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டு வேந்தர் வேட்டைக்குப் போய்விட்டார். இருதலைக் கொள்ளி எறும்பானேன்.

ஆகவே அவைச் சாளரங்களை அடைத்து, நல்லெயினி அம்மையார் முன்னிலையில் அக்கூத்தை மீண்டும் நிகழ்த்தச் செய்தேன். வெள்ளைக் குதிரைக்கு அம்மையார் முகம் சுளித்தார். பாட்டுக்குக் காதைப் பொத்தினார். மழவனார் கதி முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் ஆற்றிலிருந்து முரம்பன் எழுந்தபோது அம்மையாரும் இருக்கை விட்டு எழுந்தார், நெடுநேரம் அமரவில்லை.

முரம்பன் இறந்தது மெய்தானா என்று கேட்டேன். மெய்யே என்றார். முரம்பன் என்பான் ஆற்றுப்போரில் மாண்ட தம் கணவரே என்றும், ஒற்றைக் கண்ணும் குள்ள உருவும் கழுதையும் அவருடையனவே என்றும், உள்ளபடி எழுதப் புகுந்ததால் சாகவும் விட நேர்ந்தது என்றும் மொழிந்தார். திரையில் எழுந்தவன் தம் கணவரைச் சற்றும் ஒத்திலன் என்றும், ஆயினும் அவன் எழுந்த கணத்தில் அவரே வீடு திரும்பிவிட்டதாக எண்ணியே தாம் எழுந்துவிட்டதாகவும் கூறினார். அந்த விரல்களை வெட்டலாகாது என்று வேண்டினார். கல்லையும் பெயர்க்கலாகாது என்றார்.

இதைக் கேட்டபின் என் குழப்பம் இரட்டித்ததேயன்றித் தீரவில்லை. நூல்கள் புரட்டியும் வழி காணாமல், இறுதியில் இவ்வாறு தீர்த்தேன்: முரம்பன் இறந்தவனே, கல் மெய்யே, ஆயினும் திரைக்குப் பின்னே விளக்கு எரியுமளவும் அவன் உயிரோடிருக்கலாம். இது அறமா, பிதற்றலா என்று யானறியேன். வேட்டையிலிருந்து மீண்ட வேந்தர், கழுதை பிழைத்ததா என்று மட்டும் கேட்டு ஒப்பமிட்டார்.

மழவனார் இவ்வோலையுடன் விரல் பத்தும் குறையாமல் வருகிறார். அடுத்த பங்குனி விழாவுக்கு அவரைத் தேவியார் மீண்டும் விடுத்தருள வேண்டும். பாவை குள்ளமாகவும் ஒற்றைக் கண்ணோடும் அமைக, குதிரை வேண்டா. விளக்குக்கு எண்ணெய் எங்கள் அரண்மனை வார்க்கும். அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். ஆதலின் கூத்தை விரைந்து முடிக்க வேண்டா என மழவனாருக்கு ஆணையிட்டருள்க.

நாரை முத்திரை இட்டு விடுத்தேன். இதன்படி நடப்பதாக.