குட்டிவண்டியின் காப்பிப்பொடி நிறம்

போன செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், பஞ்சுக்கு நடுவில் நாம் செய்த பொம்மை ரயில் பெட்டி ஒன்று. ஒரு சாண் நீளம், மீட்டர்கேஜ், இரண்டாம் வகுப்பு. அடியில் ‘குட்டிவண்டி, திருவனந்தபுரம்’ என்ற நம் முத்திரை. யார் வண்ணம் பூசியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செங்காவியாக இருக்கவேண்டிய பெட்டி, காப்பிப்பொடியில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. சன்னல் கம்பிகளில் வண்ணம் வழிந்து காய்ந்திருந்தது. இப்படிப் பூச உன்னைத் தவிர வேறு யாராலும் முடியாது.

அனுப்பியவர் இந்த மாதிரி ரயில்களைச் சேகரிப்பவர். குட்டிவண்டியின் சரித்திரத்தை எழுதப்போகிறாராம். இரண்டு வருடமும் சில மாதமும் நடந்த கம்பெனிக்குச் சரித்திரம்! போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேள்.

“ஏனுங்க மேடம், மத்ததெல்லாம் நல்ல சிவப்புங்க. இந்த இருபது பெட்டி மட்டுந்தான் இந்த நிறம். இதுக்குத்தானுங்க இப்ப அத்தனை பேரும் அலையறாங்க. சுரங்கப்பாதைப் புகை படிஞ்ச நிறமுங்களாமே! இது உங்க ஃப்ரெண்டு கைதானுங்களே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பூசிய பெட்டிகளில் ஒரு தூசி பார்க்கமுடியாது, அவை சாதாரணமாம். நீ அலங்கோலம் செய்த இருபது மட்டும் அபூர்வமாம். நீ பெங்களூர் போய் இரண்டு வருடமாகிறது. இன்னமும் முன்வரிசையில் நீதான்.

நம் இருவருக்கும் கழக்கூட்டத்தில் ஒரே ஆபீஸ், சாயங்காலம் ஸ்ரீவராகத்துக்கு வீடு திரும்ப ஒரே பஸ். அந்த பஸ்ஸில்தான் நீ ஆரம்பித்தாய். சின்ன வயதில் செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்குப் போன வண்டியை, அந்தச் சின்னத் தண்டவாளமே இல்லாமல் போன பிறகு, கையளவில் செய்யவேண்டும் என்றாய். உங்கள் வீட்டு மாடி அறை பட்டறையானது. பழைய போட்டோக்களைப் பார்த்து அளவெடுப்பது, அச்சு செய்வது, பிசின் ஊற்றுவது, சக்கரம் மாட்டுவது எல்லாம் நீ. வண்ணம் மட்டும் நான். முதலில் பயணிகள் பெட்டி, பிறகு கார்டு வண்டி, அப்புறம் ஒரு சரக்கு வண்டி. எஞ்சின் கடைசிவரை பேச்சிலேயே நின்றது.

“ஓடணும், அதாக்கும் முக்கியம். அழகு அப்பறம் வரட்டும்” என்பாய். அழகு என் இலாகா. அது அப்புறம் வரட்டுமாம்!

நான்கு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலந்தால்தான் அந்தச் செங்காவி வரும். எத்தனை சொட்டு என்பது எனக்கு மட்டுமே தெரியும். “எழுதி வைடி, மறந்து போயிடும்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். “தலேல இருக்கு” என்பேன். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆபீஸில் எல்லோரும் “உன் ஃப்ரெண்டு ரயில் பண்றாளாமே” என்று என்னிடமே கேட்டால் நான் வேறென்ன நினைப்பேன், சொல்.

பிறகு அந்தப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நீ அவர்களிடம் மலையாளத்தில் ‘ஞங்ஙள் ரண்டுபேரும்’ என்று நாலு தடவை சொன்னாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போட்டோ எடுத்த பையன் என்னைப் பார்த்து, “சேச்சீ, ஒந்நு மாறி நிக்காமோ?” என்றான். கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டுமாம், நகர்ந்தேன். அச்சில் என் முழங்கை மட்டும் வந்தது.

அதைப் பார்த்துத்தான் சென்னைக் கடை ஒன்று பத்து நாளில் இருபது பெட்டி கேட்டது. மறுநாளே நான் ஜுரம் என்று படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தூக்குப் பாத்திரத்தில் மிளகு ரசத்தோடு வந்தாய். என் நெற்றியில் கை வைத்தாய். நெற்றி ஜில்லென்று இருந்தது எனக்கே தெரியும். கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாய்.

“ரெஸ்ட் எடுத்துக்கோ. அந்தக் கலர் மட்டும் எத்தனை சொட்டுன்னு சொல்லிடு, நானே அடிச்சுக்கறேன்.”

“ஞாபகமில்லை” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய். ரசம் நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

நீயே பூசி அனுப்பினாய். பத்திரிகைப் போட்டோவில் பார்த்த பெட்டிகளோடு நிறம் சேரவில்லை என்று கடைக்காரர் அடுத்த ஆர்டரை நிறுத்தினார். உனக்கு மனசு விட்டுப்போயிற்று. அச்சுகளையெல்லாம் சாக்கில் கட்டிவைத்துவிட்டு பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதெல்லாம் தெரிந்தும், கோயம்புத்தூர்க்காரர் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இல்லை, அது நான் பூசினது.” வாய் முந்திக்கொண்டது.

“அப்படீங்களா! அப்ப இந்த நிறத்தை யோசிச்சதே நீங்கதானுங்களா? இத்தன நாள் தெரியாமப் போச்சுங்களே!”

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். “அந்த நிறத்துக்கு எத்தனை சொட்டு என்னென்ன போட்டீங்க மேடம்? அதே மாதிரி பூசிப் பாக்கோணும்னு நம்ம ஆளுக கேக்கறாங்க.”

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அதே நான்கு புட்டிகளை வாங்கி வந்து, உன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அட்டையில் பூசிப் பூசிப் பார்த்தேன். வரவில்லை. என் கை எதைக் கலந்தாலும் சுத்தமான சிவப்பாகவே வந்து நின்றது. உன் அவலட்சணம்கூட எனக்கு வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருக்க, நீ தனியாக அந்த மாடியில் உட்கார்ந்து இப்படித்தான் ஒவ்வொரு சொட்டாக ஊகித்திருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது. அழுதேன்.

அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜுரத்தை, ஜில்லென்ற நெற்றியை, ஞாபகமில்லை என்றதை.

“இதை எழுதோணுங்களா மேடம்? விட்டுடலாமுங்க.”

“எழுதுங்கோ. ஒண்ணையும் விடாதேங்கோ.”

நேற்று அனுப்பியிருந்தார். நான்கு பக்கம். முழுக்க நீ. என் பெயர் ஒரே இடத்தில் வருகிறது: பொறாமையால் அந்த இருபது பெட்டிகளுக்கு வண்ணம் பூச வராதவர். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

படித்ததும் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். தீரவில்லை. ரயிலும் போட்டோவும் சரித்திரமும் நீயே வைத்துக்கொள். ஜுரமில்லை என்று கையில் தெரிந்த பிறகும் ரசத்தை ஊற்றிக் கொடுத்தாயே, அதை நினைத்துத்தான் இப்போது வயிறு எரிகிறது. என்னால் அது முடிந்திருக்காதுடி.