பிஸ்கட் நமத்துப் போன அதிசயம்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், தையல் மெஷினும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நாலு வரியாவது எழுது, போனில் நீ போடும் "ம்" எனக்குப் போதவில்லை.

கேளடி, நம் வீட்டில் ஒரு அதிசயம்! நேற்று சாயங்காலம் டீயோடு பிஸ்கட் டப்பாவைத் திறந்த அப்பா, என்னடி இது, நமத்துப் போச்சே என்றார். நம் வீட்டில் பிஸ்கட் நமக்கிற வரைக்கும் என்றைக்காவது மிஞ்சியிருக்கிறதா? நான் குதிக்காத குறை. அப்பா திருதிருவென்று முழிக்கிறார். உனக்குத்தான் புரியும். தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று போன வாரம் சொன்னாயே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால் கடையில் வேலை குவிந்து கிடந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் தையல் கடையில் உடுப்பைப் போட்டுப் பார்க்கிற அறை நடுவில் திரை போட்டுத் தடுத்திருக்குமே, அங்கே சனிக்கிழமைதோறும் என் இடுப்பை நானே டேப் வைத்து அளப்பேன். குறைந்திருக்காது. உடனே கண்ணாடியைப் பார்த்து, எருமை மாதிரி இருக்கே, வெட்கமா இல்ல, நீயெல்லாம் எந்த ஜென்மத்துல இளைக்கப்போறே என்று ஆரம்பித்துவிடுவேன். மூன்று மாதத்துக்கு முன் அப்படித் திட்டும்போது, திரைக்கு அந்தப் பக்கம், தைக்கக் கொடுத்திருந்த கவுனைப் பள்ளிக்கூட டீச்சரம்மா போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததே மறந்துவிட்டது. கவுனை நாற்காலியில் போட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டார், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து! பின்னாலேயே ஓடி, ஐயோ டீச்சர், சத்தியமா உங்களை இல்ல, என்னையே சொல்லிக்கிட்டேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குச் சொன்னா வலிக்கும்னு ஓடி வர்றீங்களே, உங்களுக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். திட்டி முடித்ததும் வீட்டுக்கு வந்து நின்றபடியே பாதி டப்பாவைக் காலி செய்கிறேன், தின்றதற்கு இன்னொரு திட்டு, அந்தத் திட்டுக்கு மீதிப் பாதி. வயிற்றில் பசியே இல்லையடி, மனசுதான் அழுதுகொண்டிருந்திருக்கிறது. இப்போது கண்ணாடி முன் நின்றால் வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற மாதிரி பேசுகிறேன், வாங்கம்மா, காலையிலேர்ந்து குனிஞ்சு தைச்சிருக்கீங்க, கொஞ்சம் உட்காருங்க என்று. பட்டன் தைக்கிற அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சிரிக்கட்டும். நடுவில் ஒருநாள் டப்பாவைக் காலி செய்தேன்தான். பரவாயில்லம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றேன், அதோடு நின்றது. இடுப்பு ஒன்றரை இஞ்ச் இறங்கியிருக்கிறது! டீச்சரம்மாவும் கவுனை வாங்கிப் போய்விட்டார்.

இப்போது உன் விஷயம். இந்தப் பன்னி உடம்பை வெச்சுக்கிட்டு கல்யாண போட்டோவுல நிக்க மாட்டேம்மா என்றாய். நீ சின்னவளாக வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத் துணியோடு விளையாடியபோது சனிக்கிழமைதோறும் காதில் விழுந்த பேச்சு அது. உன்னை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவி, என்னையே திட்டித் திட்டி உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு கண்ணே.

தம்பி உன் பக்கத்தில்தான் நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். உனக்குப் பிடித்த நீலத் துணி எடுத்துவிட்டேன், இன்னும் கத்தரி படவில்லை. இளைத்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லாதே, இன்றைக்கு என்ன அளவோ அதை அனுப்பு. வேலை முடிந்து களைப்பாக வந்தால் உன்னிடம் நீயே இரண்டு நல்ல வார்த்தை பேசு, பிறகு சாப்பிடு, உட்கார்ந்து சாப்பிடு. நீ மனசு குளிர நூறு வயசு இருக்க வேண்டும். மறக்காதே, டேப்பை இழுத்துப் பிடிக்காமல் அள. எந்த அளவாக இருந்தாலும் துணி போதும், அதற்கென்றே இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கியிருக்கிறேன்.

கத்தரியோடு காத்திருக்கும்,
உன் அம்மா