கைது நேரம் என்ற கட்டம்

வேலு, கூடப் பிறக்காத என் தம்பியே,

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. நீ இருந்தபோது பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதுவதற்கும் எனக்குத் தைரியம் குறைவுதான். மூன்று முறை கிழித்துப் போட்டாயிற்று.

அப்போது தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். நீ லேத்தில் கடைந்து அனுப்பிய ஒவ்வொரு உருப்படியையும் அளந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன். "அண்ணாத்தே பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறாருடா" என்று கிண்டல் செய்வாய். அந்த நான் ஒரு தாளை மட்டும் அளக்காமல் விட்டேன்.

பித்தளைத் துண்டுகள் காணவில்லை என்று திங்கட்கிழமை காலை உன்னைக் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து கூட்டிப் போனார்கள். நான் பார்த்தேன். புதன் மாலை என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். கைதுக் குறிப்பில் அக்கம்பக்கத்து மதிப்பான ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'கைது நேரம்' என்ற கட்டத்தில் புதன் மாலை நான்கு மணி என்றிருந்தது. போட்டுவிட்டேன்.

கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தால் உன் இரண்டு நாள் காகிதத்தில் இல்லாமல் போயிற்று. அந்த இரண்டு நாளில்தான் அடி தாங்காமல் ஒப்புக்கொண்டாய். அதோடு அவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆறு வருடம் வழக்கு இழுத்து, குற்றமில்லை என்று விடுதலையானாய். எடுத்தவன் யார் என்பது இன்றுவரை தெரியாது.

விடுதலையான அன்று, நான் கேட்காமல் நீயாகவே "உடு அண்ணாத்தே, நீ போடலன்னா வேற எவனாச்சும் போட்ருப்பான்" என்றாய். அது மன்னிப்பா, வேலு? அல்லது என்னைப் பற்றிய தீர்ப்பா?

போன மாதம், இப்போது நான் குடியிருக்கும் சேக்காட்டில், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் சேகரைக் கூட்டிப் போனார்கள். மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் கேபிள் திருட்டு. சனிக்கிழமை காலை, ரத்த அழுத்த மாத்திரை போட்டு, வழக்கம்போல் காலண்டரில் ஒன்பது பத்து என்று குறித்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பில் சேகரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு மாலை என்னைத் தேடி வந்தார் எஸ்.ஐ. "பெரியவரே, ஒரு சைன். ரெண்டே நிமிஷம்."

அதே கட்டம். ஞாயிறு மாலை ஐந்து மணி. கையெழுத்துப் போட்டு, கீழே 'சனி காலை 9.10க்கு அழைத்துச் சென்றதைப் பார்த்தேன்' என்று எழுதினேன்.

"இன்னா சார், பரிச்சப் பேப்பரா திருத்துறீங்க?" என்று தாளைக் கிழித்தார். பத்து நிமிடத்தில் தெருமுனைக் கடைக்காரர் வேறு தாளில் கையெழுத்துப் போட்டார். நீ சொன்னபடியேதான் நடந்தது.

சேகரின் மனைவி வாசலில் நின்று அழுதாள். "நைனா, நீங்கதான் பாத்துகினு இருந்தீங்க. வந்து சொல்லுங்க நைனா. அட்ச்சே ஒத்துக்க வெச்சுடுவாங்க."

மறுநாள் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனேன். இலவச சட்ட உதவி வக்கீல், சின்னப் பெண், அதை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "தினமும் டைம் எழுதுவீங்களா தாத்தா?" சனிக்கிழமைக் கட்டத்தைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

சேகரைப் போலீஸ் காவலில் விசாரிக்க அனுமதி கேட்டார்கள். சனிக்கிழமையே பிடித்துவிட்டார்கள் என்று வக்கீல் காலண்டரை நீட்டினாள். "சனிக்கிழமை பார்த்தவர் யார்?" என்றார் மாஜிஸ்திரேட். எழுந்து நின்றேன். ஒன்பது பத்து என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, சேகரை மருத்துவரிடம் காட்டச் சொன்னார். போலீஸ் காவல் கொடுக்கவில்லை, நீதிமன்றக் காவலில் சிறைக்கு அனுப்பினார்.

இப்போது வேறு வழியில்லாமல், பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடைக் கேமராவைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். உனக்கும் இதுபோல எதையாவது தேடியிருப்பார்களோ, நான் அன்று போடாமல் இருந்திருந்தால்?

சேகர் எடுத்தானா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருந்தாலும் அவனைக் கூட்டிப் போன நேரம் ஒன்பது பத்துதான்.

விசாரணையில் சாட்சிக் கூண்டேறச் சொல்லி அழைப்பு வரும் என்றாள் வக்கீல். பயமாகத்தான் இருக்கிறது. போவேன். சேகரின் நேரத்தைச் சொல்வேன். கேட்க யாராவது இருந்தால் உன் திங்கட்கிழமையையும் சொல்வேன்.

உன் அண்ணாத்தே,
சேக்காடு, மாலை 5.40.
கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.