மூன்றாம் ஓலைக்கு முன்

1976 ஆகஸ்ட் 9, திங்கள்

காலை 11.40. தந்தி. முத்து வளர்ப்பு ஆய்வுக்கூட வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று, கண்ணெல்லாம் மணல். எஸ்தர் காலமானாள், உடனே வா. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து, என் மனைவியைப் பெற்ற மாமா பெயரில்.

ட்ரேயில் பதினாலு முத்துச்சிப்பி, வாயில் ஆப்பு வைத்துத் திறந்தபடி. அப்படியே விட்டால் செத்துவிடும். பதினாலின் வேலையையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

12.50 பஸ். எட்டயபுரத்தில் ஒரு டீ. சர்க்கரை அதிகம்.

ஆகஸ்ட் 12, வியாழன்

நாசரேத், மாமா வீடு. செவ்வாய் அடக்கம். குழந்தையும் அதே பெட்டியில். ஏழாம் மாதம். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்தவை: மூக்குக்கண்ணாடி, வளையல் 4, ஹார்லிக்ஸ் (பாதி), ஜெபப்புத்தகம், என் லுங்கி.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"இவ அம்மைக்கும் இதே வயசுதான். அந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு ஆயுசு இல்ல."

"சும்மா இரிளா. எளையவ நிக்கா."

இளையவள் ரூத், எஸ்தரின் தங்கை. சாத்தான்குளத்து பாங்க் கிளார்க் ஒருவருக்கு நிச்சயமாகியிருக்கிறது. அக்டோபரில் கலியாணம். நாற்பது நாள் துக்கம் கழித்து அதே தேதியில் நடத்துவதாகப் பேச்சு.

ஆகஸ்ட் 30, திங்கள்

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். நல்ல நிறமுள்ள ஒரு சிப்பியின் சதையில் சின்னத் துண்டு வெட்டி, சுற்றி முத்து வளரும் சின்ன மணியோடு சேர்த்து மற்ற சிப்பிகளுக்குள் வைக்கிறேன். முத்தின் நிறம் துண்டு தந்த சிப்பியைப் பொறுத்தது. தந்த சிப்பி செத்துவிடும். இன்று 40.

கூட வேலை பார்க்கும் தாமஸ் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு: "அமெரிக்காக்காரன் பாக்டீரியாவுக்குள்ள தவளை ஜீன வச்சுத் தச்சிட்டான். நாளைக்கு மனுசனுக்கும் செய்வான். எம் மவன் செவப்பாப் பெறப்பான் பாத்துக்கோ."

சிப்பி கொண்டுவந்த படகுக்காரர்: "ஒம் மூஞ்சிக்கு ஒரு ஜீன் போதாதுலே."

சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். நிறுத்தியிருக்க வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆளுக்கு ஒருவரைப் பிடித்துவர ஆபீஸ் உத்தரவு. பட்டியலில் என் பெயரை அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் 'துக்கம்'.

செப். 8, புதன்

எஸ்தரைப் பார்த்த மதுரை டாக்டரம்மாவிடமிருந்து கடிதம். ஆங்கிலம், இரண்டு பக்கம், டைப் அடித்தது.

சுருக்கம்: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் கிழிந்திருக்கிறது. அதன் சுவர் பிறவியிலேயே பலவீனம். கர்ப்பத்தில் தாங்காது. நோய்க்கு ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயர். எஸ்தரின் உயரம், நீண்ட விரல்கள், கெட்ட பார்வை எல்லாமே அந்த ஒரே ஜீன் செய்த வேலை. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கை இருப்பதாக எ. சொன்னாளாம். கர்ப்பம் தரிக்கும் முன் அவளைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

கடைசிப் பத்தி. உங்கள் மனைவியின் தாயார் டைபாய்டில் இறந்ததாகச் சொன்னீர்கள், நிச்சயம்தானா?

நிச்சயமில்லை. அத்தை ரூத்தைப் பெற்ற மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். ஊருக்கே தெரியும். எஸ்தரைச் சேர்த்த அன்று அட்மிஷன் மேசையில் டாக்டரம்மா கேட்டபோது மாமா டைபாய்டு என்றார். ரூத்துக்குக் கலியாணம் இருக்கிறது, குடும்பத்தில் நெஞ்சு வியாதி என்று எழுத்தில் இருக்கக் கூடாது. நான் பக்கத்தில் நின்றேன். பி.எஸ்ஸி. விலங்கியல். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

கடிதத்தின் நகல் எடுத்து மாமாவுக்குத் தபாலில்.

செப். 19, ஞாயிறு

நாசரேத். முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். சபைக் குருவான ஐயர் வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். வழக்கமான நிறுத்தம்தான்.

மின்விசிறிகளை எண்ணினேன். ஆறு. ஒன்று ஓடவில்லை.

ரூத் ஆர்மோனியம் வாசித்தாள். எப்போதும் போடும் கண்ணாடி இல்லாமல். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள்.

செப். 26, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மதியம் ஆட்டுக்கறி. சாப்பிட்டேன்.

மாமா கொல்லைக்குக் கூட்டிப்போனார். "அந்தக் கடுதாசிய அடுப்புல போட்டுட்டேன். ஒண்ணு உங்கிட்ட இருக்கும்லா. அதையும் போடு எய்யா."

"ரூத்துகிட்ட சொல்லணும் மாமா."

"சொன்னா கலியாணம் நிக்கும். அப்புறம் எவன் வருவான்? சாதகம் பாக்காத சனம் நம்ம. ரெத்தத்தப் பாக்க ஆரம்பிச்சா ஒரு வீட்லயும் பொண்ணு எறங்காது."

கோழிகள் காலடியில்.

"அம்புட்டு பயம்னா நீயே அவளக் கெட்டிக்கோ. விசயம் வெளிய போவாது."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அக். 2, சனி

காந்தி ஜயந்தி, விடுமுறை. தொட்டித் தண்ணீர் மாற்ற நான் மட்டும். காற்று அடங்கிவிட்டது, புழுக்கம்.

பதினொன்றரைக்கு ரூத். கலியாணச் சேலை எடுக்க வந்திருக்கிறார்கள்.

"அப்பா கடைல இருக்காங்க. சிநேகிதியப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் அத்தான். அக்காவுக்கு என்னன்னு சொல்லுங்க. அப்பாட்ட கேட்டா எந்திச்சுப் போயிருதாங்க."

கடிதத்தில் இருந்தபடி பெருவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொன்னேன். சுண்டுவிரலைத் தாண்டி நகம் முழுக்க வெளியே நின்றது.

"அக்காவுக்கும் இப்பிடித்தான். சின்னதுல யாருக்கு நீளம்னு பாப்போம். நான்தான் ஜெயிப்பேன்."

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பள்ளிக்கூட டீச்சர், ஆங்கிலம் தகராறில்லை.

"எனக்கும் இருக்கா?"

"வெரல மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. நெஞ்சப் பாக்கணும்."

"இத மாத்த முடியாதா? நீங்க சிப்பிக்குச் செய்யுத மாதிரி?"

"இது வேற. இப்ப முடியாது. ஒரு காலத்துல முடியும்ங்காங்க."

"மாத்துனா வெரலும் குட்டையாயிருமோ? அப்பம் ஆர்மோனியம் எவ வாசிப்பா." சிரித்தாள். எ. சிரிப்பது மாதிரியே. ஜீனை வெட்டித் தைக்கிறவன் முன்னால் எ.யை நிறுத்தியிருந்தால் எதை எடுக்கச் சொல்லியிருப்பேன்? கண்ணாடியையா, உயரத்தையா? அதோடு எதெல்லாம் போகும் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. தொட்டிக் குழாயைத் திறந்தேன்.

பிறகு கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். "இது எப்பம் வந்திச்சு?"

"போன மாசம் எட்டாந்தேதி."

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சே அத்தான்."

தண்ணீர் நிரம்பி வழிந்தது. மூடவில்லை. அவள்தான் மூடினாள்.

போகும்போது: "இனிமே நீங்களும் பேசாண்டாம், அப்பாவும் பேசாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்." கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அக். 4, திங்கள்

மேகமூட்டம். ஆகஸ்டில் மணி வைத்த நாற்பது சிப்பியில் ஒன்பது செத்துவிட்டது. மிச்சம் பரவாயில்லை.

9.20. ஆபீஸ் போனில் மாமா.

"மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்னு அவளே ஐயர்ட்ட போய்ச் சொல்லிட்டா. மாப்பிளைக்கும் என்ன ஏதுன்னு கடுதாசி எழுதிட்டா. நேத்து கோயில்ல அம்புட்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. நீதான் குடுத்தியா?"

"ஆமா மாமா."

"ஒருத்திய மண்ணுல வச்சிட்டேன். இன்னொருத்திய வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணுமாலே நான்?"

"உசிரோட இருந்தா பாக்கலாம்லா மாமா."

மாமா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அன்னைக்கு மேசை முன்னால நானும்தான் தலையாட்டுனேன்" என்றேன். லைன் போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இதுவரை பதில் இல்லை.

10.05, மறுபடி மணி. 10.30, மறுபடி. தாமஸ்: "எடுக்கட்டுமாலே?" வேண்டாம் என்றேன்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. 1.30 மதுரை பஸ், ரூத் சொல்லி அனுப்பியபடி நேராக ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். நாளைக் காலை டாக்டரம்மா அவள் நெஞ்சைப் பார்ப்பார். அட்மிஷன் மேசையில் கேட்டால் அத்தை எப்படிச் செத்தார் என்று நான் சொல்ல வேண்டும்.

11.10, மறுபடி. ரிசீவரை எடுத்து மேசைமேல் படுக்க வைத்துவிட்டேன்.