பாதி விலை வீடு

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு,

கலையரசி எழுதுவது. நம் பாப்பா நன்றாக இருக்கிறாள். வாய்ப்பாடு ஏழு வரைக்கும் வந்துவிட்டது. நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? ஏசி பெட்டியைத் தனியாகத் தூக்காதீர்கள், கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற திருவாமாத்தூர் பச்சைமுத்து அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் ரெண்டு கிலோ வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு ராத்திரி விமானம் ஏறுகிறார். திங்கள் சாயங்காலம் உங்கள் ரூமுக்கு வந்து கையிலேயே கொடுக்கிறேன் என்றார்.

வீட்டு விஷயமாகத்தான் எழுதுகிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் நாலு கணக்குச் சொல்லிவிடுகிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பு இல்லை. மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு வாடகை. ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட நாலு லட்சம் கொடுத்திருக்கிறோம், ஒரு செங்கல்கூட நம்முடையது ஆகவில்லை. கையில் இருப்பது பத்து லட்சம், பேங்கில் பதினைந்து வாங்கினால் தவணை பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரும். இப்போது கொடுக்கிற வாடகையோடு ஒன்பதாயிரம் சேர்த்தால் குடியிருக்கிற வீடே சொந்தம். நாற்பத்தெட்டு லட்சம் போகிற வீட்டை இருபத்தைந்துக்கு எவன் தருவான் என்று கேட்டீர்கள். "ஆள் செத்த வூடுன்னு எவனும் வர மாட்டான், நமக்கு இன்னா பேய் பயமா" என்று சிரித்தீர்கள்.

பேய்க்காக அந்த விலை குறையவில்லை மாமா. திங்கட்கிழமை காலையில் விழுப்புரம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்திருக்கிறது. அதற்காகக் குறைந்த விலை அது.

வீட்டுக்கார அம்மாவின் சின்ன மகன் கோபி தம்பி செத்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி சண்டையில் அடிபட்டுச் செத்தான் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். நடந்ததை நடந்தபடி இப்போது எழுதுகிறேன்.

கோபி தம்பி விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்காரர் ஏழாயிரத்தை ஒன்பதாயிரம் ஆக்கினார். அம்மா வீட்டில் நமக்கு மேலே மாடி சும்மாதானே கிடக்கிறது, ஏன் தண்டமாக வாடகை கொடுக்க வேண்டும் என்று மார்கழியில் பெண்டாட்டி பிள்ளையோடு சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அண்ணன் வேங்கடேசனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டை விற்று மனைகளில் போட வேண்டும் என்பது அவன் எண்ணம். தம்பி குடி வந்துவிட்டால் பிறகு கிளப்ப முடியாது. வீடு அவர்கள் அம்மா ராஜாமணி பெயரில் இருக்கிறது. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளில் ஒருத்தரிடமும் ஒரு முடிவும் சொல்லவில்லை.

மாசி மாதம் கோபி தம்பி மாடிக்குத் தனி வழி வேண்டும் என்று படிக்கட்டு ஓரமாகச் சுவர் எழுப்ப ஆரம்பித்தான். மயிலத்துக் கொத்தனார் சின்னக்கண்ணு நாலு வரிசை கட்டியிருந்தார். அன்றைக்கு கோபி பெண்டாட்டி அஸ்வினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வேங்கடேசன் பைக்கில் வந்தான். வண்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை, கீழே சாய்த்துவிட்டு வந்து சுவரை உதைத்தான். ஈரச் சுவர், அப்படியே சரிந்தது. தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். நான் சமையலறை வாசலில் நிற்கிறேன், எட்டினால் தொடுகிற தூரம். சின்னக்கண்ணு கலவைச் சட்டியோடு எனக்கு எதிரே நிற்கிறார்.

கொத்தனாரின் கடப்பாரை அங்கே கிடந்தது. வேங்கடேசன் அதை எடுத்து முதலில் தோளில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி பின்னால் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கை தொங்கிவிட்டது, இன்னொரு கையைத் தூக்கினான். இரண்டாவது அடி தலையில். தம்பி பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். விழுந்து கிடந்தவனை மூன்றாவது தடவை ஓங்கும்போது நான் ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்தேன். அது என் இரண்டு விரலை நசுக்கிக்கொண்டு இறங்கி தம்பியின் காதுக்கு மேலே பட்டது. அதோடு வேங்கடேசன் நிறுத்தினான். ரத்தம் கலவையில் கலந்து என் சமையலறைப் படிவரைக்கும் வந்தது. ராஜாமணி அம்மா முன்வாசலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். போலீஸில் அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்ததாக எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது உயிர் போய்விட்டது.

பார்த்தோம் என்று போலீஸில் சொன்னவர்கள் இரண்டு பேர், கொத்தனாரும் நானும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மயிலம் ரோட்டில் நாலு பேர் சின்னக்கண்ணுவை வழி மறித்து அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். தாடையில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. கேப்பைக் கூழைக் கரைத்துக் குழல் போட்டு உறிஞ்சுகிறார். என் முகத்தையே பார்க்கவில்லை. அவர் பெண்டாட்டி ஜெயம்தான் பேசினாள். "அவுரு அன்னிக்கி வேலைக்கே போகலம்மா. கலவ கலக்கற கைய வச்சிக்கினு கோர்ட்டுக்குப் போயி இன்னா பண்றது? நீயும் ஊர்ல இல்லன்னு சொல்லிடு" என்றாள். வெளியே வந்தபோது கூடவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு நம் வீட்டுக்கு வந்தார்கள். ஜாமீனில் வந்த பிறகு வேங்கடேசன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அவன் மச்சான் நடராசன்தான் வந்தான். சுத்தியலால் தண்ணீர்க் குழாயை உடைத்தான். "வாடகைக்குக் குந்திக்கினு எங்க வூட்டு சங்கதிக்கு நீ சாட்சியா? வூட்டக் காலி பண்றியா, உன்னயே காலி பண்ணட்டா?" என்று தெருவே கேட்கக் கத்தினான். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. மறுநாள் ஜன்னலில் கல் விழுந்தது. பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கண்ணாடி. சோற்றோடு வாயில் வைத்துவிட்டாள். விரலை விட்டு எடுத்தேன். உதடு மட்டும்தான் கிழிந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள் என்று உங்களிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் ராஜாமணி அம்மா வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் சமையலறையில் தரையில் உட்கார்ந்தார். "கலை, எனக்கு இருந்தது ரெண்டு. ஒண்ணு போயிடுச்சி. இன்னொண்ணயும் நீ புடுங்கிக்காத. நான் பொய் சொல்லச் சொல்லல. ஒரு அடின்னு மட்டும் சொல்லு. கோவத்துல ஒரு அடி அட்ச்சான், அவன் படியில தவறி வுழுந்து மண்டையில பட்டுக்கினான். மொத அடி நெசந்தானே?" என்றார். வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்படிச் சொன்னால் கொலை என்று ஆகாதாம், கொஞ்ச வருஷத்தில் வெளியே வந்துவிடலாமாம். பிறகுதான் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். இருபத்தைந்து கொடு, வீட்டை உன் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்றார். இப்போது அக்ரிமெண்ட், சாட்சி சொல்லி முடித்த பிறகு பத்திரம். வாட்ஸ்அப்பில் அந்தப் பத்திரத் தேதியைப் பார்த்துவிட்டு, வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டீர்கள். கோர்ட்டு தேதிக்கு அடுத்து வருகிற முதல் முகூர்த்தம் அது, மாமா.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் ஆசை வந்தது. மண்டகப்பட்டிலிருந்து இந்த டவுனுக்கு வந்து நாம் வீடு தேடியது மறந்துவிட்டதா? எந்த ஊர் என்பார்கள். சொன்னால், ஊரிலா, காலனியிலா என்பார்கள். அதற்கப்புறம் தங்கச்சி வரப் போகிறாள், வெள்ளையடிக்கப் போகிறோம் என்று ஏதாவது வந்துவிடும். இந்த ராஜாமணி அம்மா ஒருத்தர்தான் "தண்ணி ரொம்ப செலவு பண்ணுவியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. சொந்தமாக நாலு சுவர் இருந்தால் பாப்பாவை இனி யாரும் அந்தக் கேள்வி கேட்க முடியாது. டேப் வைத்து பிரிட்ஜுக்கு இடம் அளந்து பார்த்தேன். செத்தவன் செத்துவிட்டான், அடி ஒன்றானால் என்ன, மூன்றானால் என்ன, நான் சொல்வதால் எழுந்து வரப் போகிறானா என்று நினைத்தேன். அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாகூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கோபி பெண்டாட்டி அஸ்வினி தம்பியின் துணிமணிகளை எடுக்க வந்தாள். இப்போது விழுப்புரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. "வூடு வாங்கறீங்களாமேக்கா? நல்லா இருங்க. சாமி படம் எந்தச் செவுத்துல மாட்டப் போறீங்க?" என்றாள். மாடிக்குப் போய்ப் பையோடு இறங்கினாள். அந்தப் படியில் மட்டும் கால் வைக்காமல் தாண்டி இறங்கினாள். வாசல்வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "அவரு கடைசியா எதனா சொன்னாராக்கா?" என்று கேட்டாள். இவ்வளவு நாளாக அவள் அதை என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சொன்னான், மாமா. முதல் அடி விழுந்து படியில் உட்கார்ந்தபோது கையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணா, வுடுண்ணா. எனக்கு வூடு வேணாம். நான் வெளுப்புரத்துக்கே வாடகைக்குப் போயிடறேன்" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் வேங்கடேசன் இரண்டாவது தடவை ஓங்கினான். ஒரே அடி என்று நான் சொன்னால் தம்பிக்கு இதைச் சொல்ல நேரமே இருந்திருக்காது. வீட்டுக்காகச் சண்டை போட்டுச் செத்தவன் என்று ஆகிவிடுவான். வீடே வேண்டாம் என்று சொன்ன பிறகு அவனை அண்ணன் கொன்றான். அதைப் பக்கத்தில் நின்று கேட்ட உயிர் மூன்று. அதில் ஒருவன் கொன்றவன், ஒருவர் வாய் கட்டப்பட்டுக் கிடக்கிறார்.

அஸ்வினியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "திரும்ப ஒரு வாட்டி சொல்லுக்கா" என்றாள். சொன்னேன்.

அக்ரிமெண்ட்டை ராஜாமணி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "நீயும் ஒரு புள்ளயப் பெத்தவதான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவரும் நடராசன் மாதிரி கத்தித் திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் அவனும் வந்தான். இந்தத் தடவை கத்தவில்லை. பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனான்.

நேற்று வீட்டைக் காலி செய்துவிட்டேன். வீடியோவில் கூப்பிட்டபோது நெட் இல்லை என்றது அதனால்தான், சுற்றிலும் மூட்டையாகக் கிடந்தது. மூன்று இடத்தில் வீடு இல்லை என்றார்கள். ஒருவர் முகத்துக்கு நேராக, "கல்லு வுழற குடும்பத்துக்கு வூடு இல்லம்மா" என்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற இருதயமேரி அக்கா அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டு ஷீட் போட்ட அறையைக் கொடுத்தார். நாலாயிரத்து ஐந்நூறு. மத்தியானத்தில் சூடு தாங்கவில்லை, எழுதும்போது கையெல்லாம் வேர்க்கிறது. நீங்கள் டோக்கன் அட்வான்ஸுக்கு அனுப்பிய இரண்டு லட்சத்தில் முப்பதாயிரம் இந்த அறைக்கு எடுத்துக்கொண்டேன். மீதி அப்படியே இருக்கிறது.

வாடகை தண்டம் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் மாதம் பிறந்து பணத்தைக் கொடுத்துவிட்டால் அந்த மாதத்துக் கடன் தீர்ந்தது. அந்த வீட்டை வாங்கினால் கைப்பணமும் பேங்க் கடனுமாக இருபத்தைந்தைக் கட்டி முடித்தாலும், மிச்சம் இருபத்து மூன்றை நான் சாகிறவரைக்கும் வாயை மூடிக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வருஷமாக வெயிலில் வெந்து நீங்கள் சேர்த்த பணம். அதை அந்தப் படிக்கட்டில் கொண்டுபோய்ப் போட எனக்கு மனசு வரவில்லை. வேறு இடத்தில், முழு விலைக்கு, நிதானமாக வாங்கலாம். வாங்க முடியாமலே போனாலும் நான் ஒரு நாளும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் கோர்ட்டில் மூன்று அடியையும் சொல்லி முடித்திருப்பேன். போனில் சொல்லாததற்குக் காரணம் அதுதான். சொன்னால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேன்.

விழுப்புரம் போகப் பெண் போலீஸ் ஒருவர் பஸ்ஸில் கூட வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வருவதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இருதயமேரி அக்கா லீவு போட்டு அவளோடு இருக்கிறார். பாப்பாவின் துணி, தடுப்பூசி அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் அவர் பீரோவில் இருக்கிறது. அவர் நம்பர் கவருக்குப் பின்னால் எழுதியிருக்கிறது.

நீங்கள் லீவு போட்டு ஓடி வர வேண்டாம். அங்கே யாரிடமும் சத்தம் போடவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யுங்கள். வீட்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், கோபம் இருந்தால் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள், அது போதும். நான் எடுக்கவில்லை என்றால் அக்கா நம்பருக்குப் போடுங்கள். அக்காவிடம் ஒன்றும் விசாரிக்காமல் பாப்பாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவளோடு ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். அவள் தூங்குகிறவரைக்கும் போனை வைத்துவிடாதீர்கள், மாமா.

உங்கள்
கலையரசி